கொள்கலனும் அடையாள வில்லையும்: கணனியின் மறதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

இணையவழிச் செயலியொன்றை அமைக்க முற்படுவோர் இக்காலத்திற் பெரும்பாலும் இரண்டு நுட்பங்களைக் கையாளுகின்றனர். செயலியையும் அது இயங்குதற்கு வேண்டிய துணைநிரல்கள் அனைத்தையும் ஒருங்கே பொதிந்து, கொள்கலன் எனப்படும் அடைப்பினுள் இயக்குவது ஒன்று. செயலியை நாடிவரும் பயனர் இன்னாரென ஒருமுறை உறுதிசெய்தபின், அவ்வுறுதியைப் பொறித்த 'டோக்கன்' எனும் அடையாள வில்லையை அவரிடமே வழங்கி, அடுத்தடுத்த வேண்டுகைகளின்போது அவ்வில்லையை நோக்கியே அவரை ஏற்றுக்கொள்வது மற்றையது. முன்னையது பணிசெயல் முறைமைகள் பற்றிய கல்வியிலும் பின்னையது பாதுகாப்புப் பற்றிய கல்வியிலும் வைத்துக் கற்பிக்கப்படுகின்றன. இவற்றைத் தோற்றுவித்தோரும் வேறு. இவை தோன்றிய களங்களும் வேறு.

எனினும், இவ்விரு நுட்பங்களின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, இரண்டும் ஒரே தேவையின் இருவேறு வெளிப்பாடுகள் என்பது புலனாகும். எந்தச் சேவையகமும் எந்நேரத்திலும் நிறுத்தப்படலாம். அதனிடத்தை இன்னொன்று பெறலாம். அதனாற் பயனருக்கு இடையூறு நேரலாகாது. இதுவே அத்தேவை. இது நிறைவேற வேண்டுமாயின், சேவையகம் எதனையும் தன்னகத்தே நினைவில் வைத்திருத்தலாகாது. சுருங்கக் கூறின், கணனி மறக்கப் பழகுதல் வேண்டும். அது மறப்பதனை வேறெவரோ சுமத்தல் வேண்டும். கொள்கலன் அம்மறதிக்கு வழிசெய்தது. வில்லை அந்நினைவைப் பயனரின் கையிற் கொடுத்தது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இதனாற் பெற்றது யாது, இழந்தது யாது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கடவுச்சொல்லின் தோற்றமும் முதற் களவும்

தொடக்ககாலக் கணனிகளிற் பயனரை அடையாளங்காண வேண்டிய தேவை எழவில்லை. ஒரு நேரத்தில் ஒருவரது வேலையே நடைபெற்றமையின், கணனி வைக்கப்பட்டிருந்த அறையின் கதவே போதிய காவலாயிற்று. ஒரே கணனியைப் பலர் ஒருங்கே பகிர்ந்து பயன்படுத்தும் முறை தோன்றியபோது இந்நிலை மாறிற்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவர்தம் குழுவினரும் 1961ஆம் ஆண்டு நவம்பரிற் செய்துகாட்டிய நேரப்பகிர்வு முறைமை இவ்வகையில் முன்னோடியானது. அதனைப் பயன்படுத்தியோர் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகளும் வரையறுக்கப்பட்ட கணனி நேரமும் உரித்தாயிருந்தன. ஒருவரது உரிமையை மற்றவர் கைக்கொள்ளாதவாறு காக்கும் பொருட்டுக் கடவுச்சொல் கையாளப்பட்டது.

இக்காவல் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1962ஆம் ஆண்டில், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாதெனக் கண்ட அலன் ஷெர் எனும் ஆய்வுமாணவர், கடவுச்சொற் கோப்பினை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கணனியைப் பணித்தார். கணனியும் அவ்வாறே செய்தது. பல ஆண்டுகள் கழிந்தபின் அவரே இதனை வெளியிட்டார். அதே முறைமையில், 1960களின் நடுப்பகுதியில், இரு கோப்புகள் தவறுதலாக இடம்மாறின. அதன் விளைவாக, பயனர்க்குரிய அன்றைய அறிவித்தல் தோன்றவேண்டிய இடத்தில் அனைவரது கடவுச்சொற்களும் தோன்றின. கோர்பாட்டோ பிற்காலத்தில் தமது ரூரிங் விருதுப் பேருரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தமை குறிப்பிடத்தக்கது.

முன்னைய நிகழ்ச்சியில் திருடனும் இருந்தான், நோக்கமும் இருந்தது. பின்னையதில் இரண்டும் இல்லை. எனினும் விளைவு ஒன்றே. இரகசியங்கள் அனைத்தும் ஓரிடத்தில், உள்ளவாறே எழுதிவைக்கப்பட்டிருந்தமையே இரண்டிற்கும் பொதுவான காரணமாகும்.

இதற்குத் தீர்வுகாணும் முயற்சி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பிறந்தது. கடவுச்சொல்லை அவ்வாறே சேமியாது, மீட்டெடுக்கவியலாத ஒருவழிச் சார்பொன்றினூடே செலுத்திப் பெற்ற விளைவினை மாத்திரம் சேமித்தல் என்பது ரொஜர் நீடம் கண்ட வழி. மொரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நேரப்பகிர்வு முறைமைகள் பற்றிய நூலில் இது விளக்கப்பட்டது. 1979இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரொபேட் மொரிஸும் கென் தொம்சனும் யுனிக்ஸ் முறைமையின் அனுபவத்தை வைத்து எழுதிய கட்டுரை இதனை மேலும் வளர்த்தது. ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் எழுந்தமானமான சில குறிகளைச் சேர்த்தபின் சார்பினூடே செலுத்தும் முறையை அவர்கள் விளக்கினர். 'உப்பு' என அவர்கள் இதற்கு இட்ட பெயரே இன்றும் வழங்குகின்றது. இருவர் ஒரே சொல்லைத் தெரிந்தெடுத்தாலும் சேமிப்பில் அவை வேறுபட்டே தோன்றும். 1999இல் நீல்ஸ் புரோவோஸ், டேவிட் மசியேர் ஆகியோர் வெளியிட்ட 'பீகிரிப்ற்' எனும் சார்பு, வேண்டுமென்றே மெதுவாக இயங்குமாறும், கணனிகள் விரைவடையுந்தோறும் அதன் மெதுமையைக் கூட்டத்தக்கவாறும் அமைந்தது.

இவ்வாறாக, கணனி எதனை நினைவில் வைத்திருத்தலாகாது என்ற வினாவிற்கு முதல் விடை கிடைத்தது. பயனரின் இரகசியத்தைக் கணனி அறிந்திருக்க வேண்டியதில்லை. அதனைச் சரிபார்க்க மாத்திரம் அறிந்திருந்தாற் போதும்.

3. சீட்டும் குக்கியும்

கணனி ஒன்றாயிருந்தவரை மேற்கூறிய முறை போதுமானதாயிற்று. வலையமைப்பினாற் கணனிகள் பலவாகப் பெருகியபோது, பயனர் ஒவ்வொரு கணனிக்கும் தம் கடவுச்சொல்லை அனுப்புதல் அவற்றுள் ஒவ்வொன்றையும் நம்புவதாகும். வழியிலுள்ள கம்பியையும் நம்புவதாகும். 1978இல் நீடமும் மைக்கல் ஷ்ரோடரும் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலை எடுத்துக்கொண்டது. நம்பிக்கைக்குரிய நடுவர் ஒருவர் இருவருக்கும் பொதுவான திறவுகோலை வழங்கினால், அவ்விருவரும் ஒருவரையொருவர் உறுதிசெய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

1983இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஆரம்பமான 'அதீனா' திட்டத்தில் உருவான கேர்பரோஸ் முறைமை இக்கருத்தினைச் செயற்படுத்திற்று. கிரேக்கப் புராணத்திற் பாதாள வாயிலைக் காக்கும் முத்தலை நாயின் பெயர் இது. பயனர் ஒருமுறை கடவுச்சொல்லைக் கொடுத்தபின், நடுவர் அவருக்குச் 'சீட்டு' ஒன்றை வழங்குவார். சீட்டிற் பயனரின் பெயரும் அது செல்லுபடியாகும் காலமும் பொறிக்கப்பட்டிருக்கும். அது மறைகுறியாக்கப்பட்டிருத்தலாற் பயனர் அதனை மாற்றியமைக்க இயலாது. அச்சு இயந்திரத்திற்கோ கோப்புச் சேவையகத்திற்கோ செல்லும்போது அதற்குரிய சீட்டைக் காட்டினாற் போதும். அச்சேவையகம் தன்னிடம் பயனர் பட்டியல் எதனையும் வைத்திருக்க வேண்டியதில்லை. பிற்கால வில்லை முறையின் அடிப்படைக் கூறுகள் மூன்றும் இங்கே அமைந்துவிட்டன: வழங்குவோரும் சரிபார்ப்போரும் வெவ்வேறானோர், சான்று பயனரின் கையிலுள்ளது, அச்சான்றிற்குக் காலவரையறை உண்டு.

1989இல் ரிம் பேர்னேர்ஸ் லீ ஐரோப்பிய அணுவாய்வு மையத்தில் முன்மொழிந்த உலகளாவிய வலை இவ்வரலாற்றிற் புதியதொரு நிலைமையைத் தோற்றுவித்தது. வலையின் தொடர்பாடல் விதிகள் நினைவற்றவை. ஒரு பக்கத்தை வேண்டுவதும் பெறுவதும் அத்துடன் முடிந்துவிடும். அடுத்த வேண்டுகையை அனுப்புபவர் முன்னர் வந்தவரே என்பதைச் சேவையகம் அறியாது. ஆவணங்களைப் படிப்பதற்கு இது குறையன்று. பொருள் வாங்குவதற்கோ பெருங்குறை. 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்ருல்லி கண்ட 'குக்கி' எனும் சிறு குறிப்பு இக்குறையைத் தீர்த்தது. இணையவழி விற்பனை நிலையம் ஒன்றை அமைக்க விரும்பிய வாடிக்கையாளர், அரைகுறையாய் நின்ற கொள்வனவு விபரங்களைத் தமது சேவையகங்கள் சுமப்பதை விரும்பாமையே இக்கண்டுபிடிப்பிற்குக் காரணமாயிற்று. அவ்விபரத்தைப் பயனரின் உலாவியிலேயே வைத்துவிட்டால் சேவையகம் மறந்துவிடலாமன்றோ?

எனினும் நடைமுறையிற் குக்கி பெரிதும் வேறுவகையாகவே பயன்பட்டது. சேவையகம் பயனரைப் பற்றிய விபரங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அவற்றைச் சுட்டும் ஓர் இலக்கத்தை மட்டும் குக்கியில் எழுதி அனுப்பிற்று. மிதிவண்டியைக் காவல் நிலையத்தில் விட்டுச் செல்பவர் கையிலுள்ள துண்டைப் போன்றது அவ்விலக்கம். துண்டிற்குத் தன்னளவிற் பொருளில்லை. பொருள் உள்ளே இருக்கின்றது. அதனால் அத்துண்டைக் கொடுத்த நிலையத்திற்கே திரும்பிவர வேண்டும். நிலையம் ஒன்றாயுள்ளவரை இதனால் இடர் இல்லை. அது பத்தாகவும் நூறாகவும் பெருகும்போதே இடர் தோன்றுகின்றது. சேவையகங்கள் அவ்வாறு பெருகியமைக்குக் காரணமானவற்றுட் கொள்கலன் தலையாயதாகலின், அதன் வரலாற்றை இனி நோக்குவோம்.

4. சிறையிலிருந்து பெட்டிக்கு

கொள்கலன் எனும் சொல் துறைமுகத்தை நினைவூட்டுவது. மல்கம் மக்லீன் என்பாரது 'ஐடியல் எக்ஸ்' எனும் கப்பல் 58 கொள்கலன்களுடன் 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்குப் புறப்பட்டமை நவீன கொள்கலன் போக்குவரத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. 1980களிற் கொழும்புத் துறைமுகத்தில் ஜய கொள்கலன் முனையம் எழுந்ததைக் கண்டோர், பெட்டியின் அளவு ஒன்றானதும் துறைமுகம் முழுவதும் மாறிய விதத்தை அறிவர். ஆயினும், கணனிக் கொள்கலனின் மூதாதை துறைமுகப் பெட்டியன்று. சிறைக்கூடமே அதன் மூதாதையாகும்.

1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'சேஞ்ச் ரூட்' எனும் ஆணை இடம்பெற்றது. ஒரு செயன்முறைக்குக் கோப்புகளின் முழு மரத்தையும் காட்டாது, அதன் ஒரு கிளையை மட்டுமே முழு மரம் எனக் காட்டுவது அதன் தொழில். 1982இல் இது பேர்க்லி யுனிக்ஸிலும் சேர்க்கப்பட்டது. 1991இல் பெல் ஆய்வுகூடத்தின் கடவுச்சொற் கோப்பைக் கவர முயன்ற ஊடுருவி ஒருவனைப் பில் செஸ்விக் இவ்வாணையினால் அமைத்த போலிச் சூழலொன்றினுள் இருத்தி, அவன் செய்வனவற்றை மாதக்கணக்கில் அவதானித்தார். 'சிறை' எனும் சொல் இச்சூழலுக்கு வழங்கலாயிற்று. 2000ஆம் ஆண்டில் வெளியான பிரீபிஎஸ்டி நான்காம் பதிப்பில், போல் ஹென்னிங் காம்ப் உருவாக்கிய முறை அச்சொல்லையே பெயராகக் கொண்டது. அதனுள் கோப்புகள் மட்டுமன்றி, செயன்முறைகளும் வலையமைப்பு முகவரியும் தனிமைப்படுத்தப்பட்டன.

லினக்ஸில் இவ்வளர்ச்சி படிப்படியாக நிகழ்ந்தது. 2002இல் கோப்புமுறைக்கான பெயர்வெளி தோன்றிற்று. ஏனைய பெயர்வெளிகள் தொடர்ந்தன. ஒரு செயன்முறை எவற்றைக் காணலாம் என்பதைப் பெயர்வெளி வரையறுக்கும். எவ்வளவு நினைவகத்தையும் கணிப்பு நேரத்தையும் அது பெறலாம் என்பதை வரையறுக்கும் வசதியினைக் கூகிள் நிறுவனப் பொறியியலாளரான போல் மெனேஜ், ரோகித் சேத் ஆகியோர் 2006இல் தொடங்கினர். முதலில் 'செயன்முறைக் கொள்கலன்' எனப் பெயரிடப்பட்டுப் பின்னர் 'கட்டுப்பாட்டுக் குழு' எனப் பெயர் மாற்றப்பட்ட அவ்வசதி, 2008 ஜனவரியில் லினக்ஸில் இணைந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிய 'எல்.எக்ஸ்.சி' எனும் கருவியும் அதே ஆண்டிற் தோன்றிற்று.

இத்துணைக் கூறுகளும் அமைந்தபின்னரும் கொள்கலன் வல்லுநரின் கருவியாகவே இருந்துவந்தது. 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சாந்தா கிளாரா நகரில் நடைபெற்ற பைதன் மொழி மாநாட்டிற் சொலமன் ஹைக்ஸ் ஆற்றிய ஐந்து நிமிட உரை இந்நிலையை மாற்றியது. அவர் அறிமுகஞ்செய்த கருவி துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும் 'டொக்கர்' எனும் பெயரைப் பெற்றது. தனிமைப்படுத்தலில் அது புதிதாகச் சேர்த்தது சிறிதே. பொதிதலிலும் அனுப்புதலிலுமே அதன் புதுமை இருந்தது. செயலியும் துணைநிரல்களும் அடுக்கடுக்கான படிமமாக அமைக்கப்படும். அப்படிமம் களஞ்சியம் ஒன்றிற்கு அனுப்பப்படும். எங்கும் இறக்கப்பட்டு அவ்வாறே இயக்கப்படும். 2014இற் கூகிள் அறிவித்த குபர்னெற்றிஸ், இத்தகைய கொள்கலன்களை ஆயிரக்கணக்கில் இயக்கவும் நிறுத்தவும் இடம்மாற்றவும் வழிசெய்தது. 2015இற் பொதுத் தரங்களை வகுக்கும் அமைப்பும் நிறுவப்பட்டது.

இவ்வாறு சிறை பெட்டியாயிற்று. இங்கு ஓர் எச்சரிக்கை கூறற்பாலது. பெட்டியின் நோக்கம் கொண்டுசெல்லல். சிறையின் நோக்கம் அடைத்துவைத்தல். பெட்டியைச் சிறையெனக் கருதியோர் ஏமாந்தமைக்குச் சான்றுகள் உள. கொள்கலனை இயக்கும் 'ரன்சி' எனும் நிரலின் குறையொன்றினாற் கொள்கலனுக்குள் இருப்பவர் அதனைத் தாங்கும் கணனியையே கைப்பற்றலாம் என்பது 2019 பெப்ரவரியில் வெளிப்பட்டது. கொள்கலன்கள் யாவும் தாங்கும் கணனியின் பணிசெயல் முறைமைக் கருவையே பகிர்கின்றன என்பதை இது நினைவூட்டிற்று.

5. வில்லையின் உருவாக்கம்

கொள்கலனின் வருகையாற் சேவையகத்தின் வாழ்நாள் குறுகிற்று. முன்பு ஆண்டுக்கணக்கில் இயங்கியது இன்று மணிக்கணக்கில் இயங்கி மறையலாம். 2011இல் ஹெரோகு நிறுவனத்தார் வெளியிட்ட 'பன்னிரு காரணிகள்' எனும் நெறிமுறை, செயன்முறைகள் நினைவற்றவையாக இருத்தல் வேண்டும் எனவும், அமைப்பு விபரங்கள் நிரலினுள் அன்றிச் சூழலில் இருத்தல் வேண்டும் எனவும் விதித்தது. அதற்கு முன்னரே, 2000ஆம் ஆண்டில் ரோய் பீல்டிங் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில், ஒவ்வொரு வேண்டுகையும் தன்னை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய அனைத்தையும் தானே கொண்டுவருதல் வேண்டும் என்ற கோட்பாட்டை முன்வைத்திருந்தார். இந்நிலையிற் பயனரைப் பற்றிய விபரம் சேவையகத்தில் இருத்தல் இயலாது. அதனை வேண்டுகையே சுமத்தல் வேண்டும்.

பயனர் கொண்டுவரும் விபரத்தைப் பயனரே மாற்றாதவாறு தடுப்பது எங்ஙனம்? 1996இல் மிகிர் பெல்லாரே, ரான் கனெற்றி, ஹியூகோ கிராவ்சிக் ஆகியோர் வெளியிட்ட 'எச்மக்' எனும் முறை இதற்கு விடையளித்தது. இரகசியத் திறவுகோல் ஒன்றையும் செய்தியையும் கலந்து ஒருவழிச் சார்பினூடே செலுத்திப் பெறும் குறியே ஒப்பமாகும். செய்தியின் ஓர் எழுத்து மாறினும் ஒப்பம் பொருந்தாது. திறவுகோலை அறியாதார் புதிய ஒப்பம் இடவும் இயலாது.

2007இல் உருவான 'ஓஓத்' எனும் நெறிமுறை, ஒரு தளத்திலுள்ள தம் விபரங்களை இன்னொரு தளம் அணுகப் பயனர் தம் கடவுச்சொல்லைக் கொடாமலே அனுமதிக்க வழிசெய்தது. 2012 ஒக்ரோபரில் வெளியான அதன் இரண்டாம் பதிப்போடு, வில்லையைக் கொணர்பவரே அதற்கு உரியவர் எனக் கொள்ளும் 'கொணர்பவர் வில்லை' முறையும் தரமாக்கப்பட்டது. கொணர்பவர்க்குப் பணம் வழங்கும் காசோலையை ஒத்தது இது. 2015 மே மாதத்தில் மைக்கல் ஜோன்ஸ், ஜோன் பிராட்லி, நற் சக்கிமுரா ஆகியோர் எழுதிய 'ஜேசன் வலை வில்லை' தரமாக வெளிவந்தது. இவ்வில்லை புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகளையுடையது. ஒப்பமிடப் பயன்பட்ட முறையைக் கூறுவது தலைப்பகுதி. பயனர் யார், வில்லை எப்போது காலாவதியாகும் என்பன போன்றவற்றைக் கூறுவது நடுப்பகுதி. இவ்விரண்டின்மீதும் இடப்பட்ட ஒப்பம் இறுதிப்பகுதி.

சோழர் செப்பேடுகளின் இதழ்கள் வளையத்திற் கோக்கப்பட்டு, அவ்வளையத்தின்மீது அரச முத்திரை பொருத்தப்பட்டிருத்தலை வரலாற்று மாணவர் அறிவர். ஏட்டிலுள்ளதை எவரும் படிக்கலாம். முத்திரை அதனை மறைப்பதில்லை. முத்திரை உறுதிசெய்வது ஏட்டின் உண்மையையே. வில்லையும் பெரும்பாலும் இத்தகையதே. அதன் நடுப்பகுதி மறைகுறியாக்கப்பட்டதன்று. வேறு எழுத்துவடிவில் தரப்பட்டதே. ஆதலால் அதிற் கடவுச்சொல்லையோ பிற இரகசியங்களையோ எழுதுதல் ஆகாது.

6. இரண்டும் கூடுமிடம்

இவ்வரலாற்றின் விளைவினை ஒரு சிறு செயலியில் வைத்து நோக்கலாம். மருத்துவமனை ஒன்றின் நோயாளர் பதிவேட்டை ஊழியர்கள் இணையவழி அணுகுவதாகக் கொள்வோம்.

செயலியின் நிரலும் துணைநிரல்களும் பதிப்பு இலக்கம் குறிக்கப்பட்டு ஒரு படிமமாக்கப்படுகின்றன. கொள்கலனுள் அச்செயலி தலைமைப் பயனரின் அதிகாரத்துடன் இயங்கலாகாது. சாதாரண பயனராகவே இயங்குதல் வேண்டும். ரன்சியின் குறை கற்பித்த பாடம் இது. தரவுத்தளம் வேறொரு கொள்கலனில் இயங்குகின்றது. ஆனால் அதன் தரவுகள் கொள்கலனுக்கு வெளியேயுள்ள நிலையான சேமிப்பகத்தில் வைக்கப்படுகின்றன. அன்றேற் கொள்கலன் நீக்கப்படும்போது நோயாளர் பதிவுகளும் அதனோடு அழிந்தொழியும்.

ஊழியர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்புகின்றார். செயலி அதனை உப்பிட்ட ஒருவழி விளைவோடு ஒப்பிட்டு, பொருந்துமாயின் ஒப்பமிட்ட வில்லையை வழங்குகின்றது. பின்வரும் ஒவ்வொரு வேண்டுகையிலும் ஊழியரது உலாவி அவ்வில்லையை இணைத்தனுப்பும். செயலியின் படிகள் மூன்று இயங்கினாலும் முப்பது இயங்கினாலும், இரகசியத் திறவுகோல் அனைத்திற்கும் பொதுவானதாகலின், எப்படியும் அவ்வில்லையைச் சரிபார்க்க வல்லது. ஒரு கொள்கலன் நின்றுபோயினும் ஊழியர் அதனை அறியார். இங்கே கொள்கலனும் வில்லையும் ஒன்றையொன்று வேண்டிநிற்றல் தெளிவு.

இம்முழு அமைப்பும் அவ்வொரு திறவுகோலில் தங்கியுள்ளது. அதனை அறிந்த எவரும் எவர் பெயரிலும் வில்லை ஆக்கலாம். ஆகவே திறவுகோலைப் படிமத்தினுட் பொதிதல் பெருந்தவறு. படிமம் களஞ்சியத்திற்குச் செல்வது, பலராலும் இறக்கப்படுவது. ஓர் அடுக்கில் எழுதியதை அடுத்த அடுக்கில் நீக்கினாலும் முன்னைய அடுக்கில் அது எஞ்சியே நிற்கும். ஜேர்மனியின் ஆகென் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, தாம் சோதித்த மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட படிமங்களுள் ஏறத்தாழ 8.5 வீதமானவற்றில் இரகசியங்கள் பொதிந்திருந்தமையை வெளிப்படுத்திற்று. அதற்கு முன், 2019 மே மாதத்தில், பலராலும் அடித்தளமாகக் கொள்ளப்பட்ட அல்பைன் லினக்ஸ் படிமங்களிற் தலைமைப் பயனரின் கடவுச்சொல் வெறுமையாக விடப்பட்டிருந்தமை தெரியவந்தது. ஒரு படிமத்தின் பிழை, அதன்மீது எழுப்பப்பட்ட படிமங்கள் அனைத்திற்கும் உரியதாகும். 1962இல் அச்சுப்பொறியில் வந்த கடவுச்சொற் பட்டியலுக்கும் இவற்றிற்கும் தன்மையால் வேறுபாடு இல்லை. பரவும் அளவிலேயே வேறுபாடு உண்டு.

7. மறதியின் விலை

மேற்கூறியவை கவனக்குறைவால் விளைவன, கவனத்தால் தவிர்க்கத்தக்கன. வில்லையின் இயல்பிலேயே அமைந்த குறையொன்று உளது. அதனைத் தனியே நோக்குதல் வேண்டும்.

முற்பகல் பத்து மணிக்கு வில்லை பெற்ற ஊழியர் ஒருவர் பத்தரை மணிக்குப் பணியினின்று நீக்கப்படுகின்றார் எனக் கொள்வோம். அல்லது அவரது வில்லை களவாடப்படுகின்றது. பழைய முறையிற் சேவையகம் தன் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினாற் போதும். அடுத்த நொடியே கதவு மூடப்படும். புதிய முறையிற் பட்டியல் இல்லை. ஒப்பம் பொருந்துகின்றது, காலம் கடக்கவில்லை, ஆகவே வில்லை செல்லும். நோயாளரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொறுப்பு நிறுவனத்தினது. எனினும் கொடுத்த அனுமதியை மீளப்பெறும் வலுவை அது தானே கைவிட்டுள்ளது. மறதிக்கு அது கொடுத்த விலை இதுவே.

இதற்குக் காணப்பட்ட தீர்வு ஓர் இணக்கமாகும். அணுகல் வில்லையின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறைத்து, நீண்ட ஆயுளுடைய புதுப்பித்தல் வில்லையொன்றை அதனுடன் வழங்குவர். அணுகல் வில்லை காலாவதியாகும்போது பயனர் புதுப்பித்தல் வில்லையைக் கொடுத்துப் புதியது பெறுவார். புதுப்பித்தல் வில்லை பற்றிய குறிப்புத் தரவுத்தளத்தில் இருக்கும். அதனை நீக்கினாற் புதுப்பித்தல் நிகழாது. அதாவது, வாயிலில் துரத்தப்பட்ட நினைவு பின்கதவால் திரும்பி வந்துவிட்டது. வேறுபாடு யாதெனின், ஒவ்வொரு வேண்டுகைக்கும் பட்டியலைப் பார்த்த நிலை மாறி, சில நிமிடங்களுக்கொருமுறை பார்க்கும் நிலை ஏற்பட்டுள்ளது. அச்சில நிமிடங்களில் நேரக்கூடிய தீங்கை ஏற்கலாமா என்பது நுட்பவியலாரின் வினாவன்று. நிறுவனத்தின் பொறுப்பு வாய்ந்தோர் விடையளிக்க வேண்டிய வினாவாகும்.

சரிபார்ப்போர் தம் கடமையை வில்லையிடமே ஒப்படைத்தலும் ஆகாது. 2015இல் ரிம் மக்லீன் எனும் ஆய்வாளர், பல நிரலகங்கள் ஒப்பமிடும் முறை யாது என்பதை வில்லையின் தலைப்பகுதியையே வினவியறிந்ததை வெளிப்படுத்தினார். 'ஒப்பம் இல்லை' எனத் தலைப்பகுதியில் எழுதிவிட்டால், சில நிரலகங்கள் ஒப்பமின்றியே வில்லையை ஏற்றன. முத்திரையைச் சோதிக்க வேண்டுமா என்று ஓலை கொணர்ந்தவனையே காவலன் கேட்டதற்கு ஒப்பாகும் இது. 2020இல் வெளியான நடைமுறை வழிகாட்டி, ஏற்கத்தக்க முறைகளைச் சரிபார்ப்போரே முன்னதாக வரையறுத்தல் வேண்டும் என விதித்தது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் சில உண்மைகள் பெறப்படுகின்றன. கடவுச்சொற் கோப்பிலிருந்து சீட்டிற்கும், சீட்டிலிருந்து குக்கிக்கும், குக்கியிலிருந்து ஒப்பமிட்ட வில்லைக்கும் நிகழ்ந்த நகர்வு, நினைவைச் சேவையகத்திலிருந்து படிப்படியாக வெளியேற்றிய நகர்வாகும். அந்நகர்வு நேர்கோட்டிற் செல்லவில்லை. குக்கியின் வரலாறும் புதுப்பித்தல் வில்லையின் வரலாறும் காட்டுமாப்போல, வெளியேறிய நினைவு வேறுருவில் மீண்டும் புகுந்தது. சிறையிலிருந்து பெட்டிக்கு நிகழ்ந்த நகர்வு, சேவையகத்தை மாற்றத்தக்க பொருளாக்கிய நகர்வாகும். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில், 2012க்கும் 2015க்கும் இடையில், தரமாக நிலைபெற்றமை தற்செயலன்று. ஒன்று இன்றி மற்றையது முழுப்பயன் தரமாட்டாது.

ஆயினும் நினைவு எங்கும் அழிந்துவிடவில்லை. அது இடம்பெயர்ந்தது மட்டுமே. பயனரின் கையிலுள்ள வில்லையிலும், கொள்கலனுக்கு வெளியேயுள்ள தரவுத்தளத்திலும், சூழலில் வைக்கப்பட்ட திறவுகோலிலும் அது இன்றும் உள்ளது. ஆகவே செயலி அமைப்போர் முதலில் வினவ வேண்டியது எந்தக் கருவியைக் கையாள்வது என்பதன்று. எதனை மறக்கலாம், எதனை எங்கே நினைவில் வைத்தல் வேண்டும், கொடுத்ததை மீளப்பெற வேண்டிய நாள் வந்தால் யார் எவ்வளவு விரைவில் மீளப்பெறுவர் என்பனவே அவர் வினவ வேண்டியன. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு துளையட்டை எழுப்பிய வினா இவ்வடிவிலேயே இன்னும் நம்முன் நிற்கின்றது.